உப்புக் கிட்டங்கி என்றார்கள்

1974, ஆடி மாதம், வியாழன் இரவு

கடற்கரைச் சாலையில் நான் வடிவமைத்துக் கட்டிவரும் பெண்கள் கல்லூரியின் முதல் வகுப்பறையை இன்று நிர்வாகக் குழுவுக்குக் காட்டினேன். சுவரெல்லாம் கடுக்காய்ச் சாறு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. கடற்காற்று நுழைவதற்காக ஒரு பக்கம் செங்கலை இடைவெளி விட்டு அடுக்கியிருந்தோம். மின்விசிறி இல்லாமலே உள்ளே குளுமையாக இருந்தது.

தாளாளர் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூட்ட அடுக்குற உப்புக் கிட்டங்கி மாதிரில்லா இருக்கு. இதுக்குள்ள பிள்ளையப் படிக்க விட எந்தத் தகப்பன் வருவான்?" என்றார்.

சுவரைக் கட்டிய கொத்தனார் சவரிமுத்து என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தாளாளரிடம் சொன்னார்.

"எம் மவளும் இங்கனதான் படிக்கப் போறா சார். நாங்க எங்க ஊரு புன்னைக்காயல்ல சுண்ணாம்புச் சுவத்துக்குள்ளயே கெடந்துட்டோம். அவளாவது காங்கிரீட் கட்டடத்துல இருக்கட்டும்."

உப்புக்காற்றில் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் மறுக்கவில்லை, காதில் வாங்கவும் இல்லை. வகுப்பறையை இடிப்பதென்று முடிவாயிற்று. புதிய வரைபடம் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது?

சவரிமுத்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலைவரை கூடவே வந்தார்.

"கோவமா சார்?"

"இல்ல அண்ணாச்சி."

"நாளைக்கு நானே இடிக்கேன். வேற ஆளு வந்தா செங்கலை எல்லாம் ஒடைச்சிருவான்."

அந்தச் செங்கலை வைத்து இனி என்ன செய்யப்போகிறோம் என்று நான் கேட்கவில்லை.