ஆறாவது துளை

டாக்டர்,

திங்கட்கிழமை காலை ஒரு பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தேன். கிராம்பு எண்ணெய் வாசனை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனை பல்வலியை நினைவூட்டும். எனக்கு ரிவால்வர் நினைவுக்கு வந்தது. அதற்குக் காரணம் நீங்கள் ஒருவர்தான்.

அங்கிருந்த பெண் டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். இடது கன்னத்தின் உட்பக்கத்தைச் சிறு கண்ணாடியால் ஒதுக்கிப் பார்த்தவர், "இது என்ன சார் தழும்பு? பழசா இருக்கே. எப்படி ஆச்சு?" என்று கேட்டார். வாய்க்குள் இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது உங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம் போலிருக்கிறது. நான் "ஆ... ஆ..." என்றேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவர் அடுத்த பல்லுக்குப் போய்விட்டார். முழுப் பதிலை உங்களுக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நாம் முதலில் சந்தித்ததும் பல்லால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாடை வீங்கி, கிளினிக் திறக்கும்வரை பொறுக்க முடியாமல் உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் ஒரு ரிவால்வரை மடக்கித் திறந்து வைத்திருந்தீர்கள். அதன் குழலுக்குள், நோயாளிகளின் கடைவாய்ப் பல்லைப் பார்க்கும் அதே மாதிரிக் கண்ணாடி. பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகும் பல்துலக்கிகள் நான்கைந்து, எண்ணெய்க் கறையோடு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"பயப்படாதீங்க சார், இதுவும் என் பேஷண்ட்தான். இது முடிஞ்சதும் நீங்க. வாங்க, உட்காருங்க" என்றீர்கள்.

அன்று என் பல்லைப் பிடுங்கினீர்கள். ரிவால்வரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினீர்கள். வலி எதனால் குறைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அது உங்கள் அப்பா வைத்திருந்தது, முப்பத்திரண்டு காலிபர். கட்டைவிரலால் தாழை அழுத்தினால் குழல் முன்பக்கம் தலைகுனியும். ஆறு வெற்றுத் தோட்டாக்களும் ஒன்றாக மேலே எழும். இரண்டாவதை முத்துப்பேட்டையில் ஒரு ராவுத்தர் குடும்பத்தில், அவர்களுடைய அத்தா காலமான பிறகு, முறைப்படி லைசென்ஸில் சேர்த்து வாங்கினீர்கள். அதில் குண்டுகள் இருக்கும் உருளை இடப்பக்கம் விலகித் திறக்கும். வகுப்பில் இதைச் சொல்லவேண்டி வந்திருந்தால், திருவிழா ராட்டினத்தை உதாரணம் காட்டியிருப்பேன். ஆறு பெட்டி; ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெட்டி மேலே வந்து நிற்கிறது. நீங்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "நம்ம ராட்டினத்துல ஏறினவங்க இறங்கி வர மாட்டாங்க சார்" என்றீர்கள். ஆனாலும் நீங்கள் ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. காகிதத்தைத் தவிர வேறு எதன்மீதும் உங்கள் குண்டு பட்டதில்லை.

புதுத் துப்பாக்கிகள் மேல் உங்களுக்கு ஆசை இருந்ததில்லை. "ரிவால்வர் எதையும் ஒளிக்காது சார். திறந்தா ஆறு அறையும் கண்ணுக்குத் தெரியும். குண்டு இருக்கா இல்லையான்னு யாரையும் கேட்க வேண்டியதில்ல" என்பீர்கள். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் கதவே உப்பிக்கொள்ளும். உங்கள் ரிவால்வர்களில் மட்டும் ஒரு புள்ளித் துரு வராது. வறுத்த அரிசியைச் சின்னத் துணிப்பையில் கட்டி, பெட்டிக்குள் வைத்திருப்பீர்கள். மாதம் ஒருமுறை அரிசி மாறும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு உங்கள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ரைபிள் கிளப்புக்கு வருவேன். ஊருக்கு வெளியே, வாய்க்காலைத் தாண்டி, மண்மேடு போட்ட அந்த இடம். முதல் வெடிச் சத்தத்துக்கு எதிர் வயலில் இருக்கும் கொக்குகள் அத்தனையும் எழும். ஆறாவது சத்தத்துக்குள் அவை திரும்ப இறங்கியிருக்கும். ஒருமுறை கிளப் துப்பாக்கியை என் கையில் கொடுத்துச் சுடச் சொன்னார்கள். ஆறு குண்டும் அட்டையைத் தொடவில்லை. "மண்மேடு பாஸ் சார்" என்றீர்கள்.

அதன் பிறகு என் வேலை திருத்துவது என்று ஆயிற்று. நீங்கள் ஆறு குண்டு சுடுவீர்கள். வட்டங்கள் அச்சிட்ட அட்டையை நான் போய் எடுத்துவந்து, சிவப்புப் பேனாவால் அறுபதுக்கு மார்க் போடுவேன். நீங்கள் அட்டையைப் பார்க்க மாட்டீர்கள். "எழுதினவனே திருத்தக் கூடாது" என்பது உங்கள் கட்டளை. மொத்தத்தைச் சொன்னால் போதும். அட்டைகள் என் வீட்டில், விடைத்தாள்களைப் போல நூல் கட்டி அடுக்கியிருந்தன.

இது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். உங்களுக்கு அறுபது வயது முடிந்த அன்று கிளப்பிலிருந்து திரும்பும்போது வண்டியை வாய்க்கால் மதகின் ஓரம் நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: "சார், வயசாகுது. கை ஆடுறது நமக்கே தெரியாது. அட்டைக்குத் தெரியும். என்னைக்கு நாப்பத்தஞ்சுக்குக் கீழ போறேனோ, அன்னைக்கே ரிவால்வரையும் விடுறேன், கிளினிக்கையும் விடுறேன். நீங்கதான் சொல்லணும்."

நான் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

ஐந்து வருடம் ஒன்றும் இல்லை. ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து என்று வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு தை மாதம், பொங்கல் கழிந்த ஞாயிறு, அட்டையில் ஐந்து துளைகள்தான் இருந்தன. இரண்டு ஒன்பது, இரண்டு எட்டு, ஓர் ஏழு. நாற்பத்தொன்று. ஆறாவது குண்டு அட்டையிலேயே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பல்துலக்கியால் உருளையைத் துடைத்தபடி, கிளப் காவலாளியின் கடைவாய்ப் பல்லை எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

முப்பத்துமூன்றை முப்பத்தைந்தாக்கிய கை இது. என் பணிக்காலத்தில் எத்தனையோ பேரை அப்படிக் கரையேற்றியிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி இன்று வங்கியில் அதிகாரி. யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? ஒன்பதாம் வட்டத்துத் துளை ஒன்று சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. ஆறாவது குண்டு அதே துளை வழியாகப் போயிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி அபூர்வமாக நடப்பதுண்டு.

"ஐம்பது, டாக்டர்" என்றேன்.

"பரவால்லயே" என்றீர்கள். உங்கள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் அடுத்த மாதமும் அப்படியே செய்வேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துளை வட்டத்தின் கோட்டைத் தொட்டால் உள்வட்ட மார்க் என்பது விதி. நான் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததையெல்லாம் தொட்டதாக எடுத்துக்கொண்டேன். ஆறு மாதம்.

ஆடியில் என் பல் ஒன்று உடைந்து, உங்கள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். கூர்முனையை ராவிக்கொண்டிருந்தபோது கருவி சறுக்கியது. கன்னத்தின் உட்பக்கம் கிழிந்து வாய் நிறைய ரத்தம். நீங்கள் பதறவில்லை. பஞ்சை வைத்து, ரத்தம் அடங்கும்வரை அழுத்திப் பிடித்தீர்கள். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்:

"போன மாசம் எனக்கு எவ்வளவு சார்?"

வாயில் பஞ்சு. மருந்துச் சீட்டில் ஐம்பத்தொன்று என்று எழுதிக் காட்டினேன். நீங்கள் அந்த எண்ணைப் பார்த்தீர்கள். உங்கள் வலது கையை விளக்குக்கு நேரே நீட்டிப் பார்த்தீர்கள்.

"ஐம்பத்தொண்ணு சுடுற கை இது இல்லையே சார்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து கிளினிக் பூட்டிக் கிடந்தது.

பதினெட்டு நாள் நீங்கள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் காலை ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. உள்ளே வந்து, "அட்டையெல்லாம் எடுங்க. திருத்துங்க. இப்ப ஒழுங்கா" என்றீர்கள். பூதக்கண்ணாடியை நீங்கள் பிடித்தீர்கள்; அது ஆடியது. நான் ஒவ்வொன்றாக அடித்து எழுதினேன். நாற்பத்தொன்று, நாற்பது, முப்பத்தொன்பது... கடைசி அட்டை முப்பத்தாறு. தை மாத அட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டீர்கள்.

"தையிலயே நின்னிருக்கணும். நீங்க எனக்கு மார்க் சேர்த்துப் போட்டதா நினைச்சீங்க சார். ஆறு மாசம் என்கிட்ட வாயைத் திறந்தவங்க அத்தனை பேர்கிட்டயும் வாங்கி எனக்குப் போட்டிருக்கீங்க."



அன்றே கிளினிக் நோட்டைத் திறந்தீர்கள். அந்த ஆறு மாதத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்தோம். போனில் கிடைக்காதவர்களைத் தேடி பூதலூர், வேதாரண்யம் என்று பஸ் ஏறினோம். ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைகள்: "என் கை சரியில்லாதப்ப உங்க பல்லைப் பார்த்துட்டேன். எங்கயாவது உறுத்துதா, சொல்லுங்க." இரண்டு பேருக்குப் பல் அடைப்புச் சரியில்லை. நீங்களே கூட்டிக்கொண்டு போய் வேறு டாக்டரிடம் காட்டினீர்கள். வேதாரண்யத்தில் உப்பளத்து அம்மா ஒருவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறதா? "இந்தப் பல்லால நேத்துக் கருவாட்டு முள்ளையே மென்னுட்டேன். என் பல்லு கிடக்கட்டும், நீங்க போயி முதல்ல உங்க கையைக் காட்டுங்க டாக்டரே." திரும்பும் பஸ்ஸில், பதினெட்டு நாளுக்கும் சேர்த்துச் சிரித்தீர்கள்.

அந்த வாரமே இரண்டு ரிவால்வர்களையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு தேர்தலுக்கும் அங்கேதான் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கி வருவோம்.

"என்ன டாக்டர், எலெக்ஷன் எதுவும் வரலையே?" என்றார் ஏட்டு.

"எனக்கு ரிசல்ட் வந்துடுச்சு ஏட்டய்யா. இனிமே திரும்ப வாங்க வர மாட்டேன். லைசென்ஸையும் எடுத்துக்குங்க. ஒரே ஒரு உதவி, இந்தப் பையில இருக்கிற அரிசியை மட்டும் மாசம் ஒரு தடவை வறுத்து மாத்திடுங்க."

"எனக்கே வீட்ல நேரத்துக்குச் சோறு கிடைக்கல டாக்டர். உங்க துப்பாக்கிக்கு நான் அரிசி வறுக்கணுமா?"

நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் வெகுநேரம் வண்டியைக் கிளப்பாமல் நின்றீர்கள். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் வந்தீர்கள். காபி டம்ளர் டபராவில் தட்டும் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் துணிந்து, "இன்னைக்குக் கொஞ்சம் அதிகமா ஆடுது டாக்டர்" என்றேன். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இப்பத்தான் சார் ஒழுங்கா திருத்துறீங்க" என்றீர்கள். நீங்கள் கண்ணை மூடும்வரை ஒவ்வொரு வாரமும் உள்ளது உள்ளபடி சொன்னேன். அந்த ஒன்றில் நான் தவறவில்லை.

திங்கட்கிழமை நான் கிளம்பும்போது அந்தப் பெண் டாக்டர், "அந்தத் தழும்பு பல்லுல மாட்டுது சார். லேசா எடுத்துவிட்டா சமமாயிடும். வியாழக்கிழமை வாங்க" என்றார். வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். நாக்கு சும்மா இருக்கும்போதெல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது.

போன வாரமும் போய் நின்றது. என்னோடு வேலை பார்த்த அறிவியல் ஆசிரியர் தன் பைக்கில் என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போனார். இரண்டு வேகத்தடைகளை அவர் பார்க்கவே இல்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "இந்த வயசுலயும் நம்ம ஓட்டுறது எப்படி?" என்றார். 'அருமை சார்' என்று வாய்வரை வந்துவிட்டது. நாக்கு தழும்பைத் தொட்டது. "கண்ணைக் காட்டிட்டு வர்றவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க சார்" என்றேன்.

முகம் சிவந்து போனவர்தான். நான்கு நாளாகப் பேசவில்லை. உங்களுக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. அவருக்கு இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது.