சுண்ணாம்பு வைத்த ஆறு மருத மரங்கள்

டிரைவரண்ணா,

இன்று காலை மல்லசமுத்திரத்தில் மரம் அறுக்கும் மில்லைத் தாண்டும்போது பச்சை மருதத்தூள் வாடை மூக்கில் ஏறியது. சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். எந்தக் காட்டு மரம் என்று உள்ளே போய்க் கேட்ட பிறகுதான் மறுபடி சைக்கிளில் ஏறினேன். நல்லவேளை, நம் காட்டு மரம் இல்லை.

உங்களோடு நான் பழகியதே ஒரு பயத்தில்தான். ஐம்பத்தாறாம் வருஷ வாக்கில், வெண்ணந்தூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் நான் பாரஸ்ட் கார்டு. கூப்பில், அதாவது வெட்டுக்கு விட்ட காட்டில், மரம் ஏற்றும் லாரி உங்களுடையது. பாரத்தோடு போன லாரி பாதி வழியில் திரும்பி வந்தது. பர்மிட்டில் ஏதோ தப்பு, வேலை போச்சு என்று லாரியை நோக்கி ஓடி வந்தேன். நீங்களோ சோறு கொண்டுவரும் தூக்குப்போசியைத் திறந்து காட்டினீர்கள். உள்ளே விரல் நீளத்தில் ஒரு வண்டு, உடம்பைவிட நீண்ட இரண்டு கொம்பு. தொட்டால் கிரீச்சென்றது. சோறு எங்கே என்றேன். நாய்க்குப் போட்டதாகச் சொன்னீர்கள். சரியான கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

“கட்டைக்குள்ள இருந்து வந்துச்சுங்க கார்டு. பாரம் ஏத்தறது என் பொழப்புதானுங்க. ஆனா இதோட ஊட்டையுமில்ல ஏத்திட்டுப் போறேன்?”

அதன்பின் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் சேலத்தில் பஸ் ஏறி வந்துவிடுவீர்கள். இருவரும் மரம் மரமாகத் தட்டிப் பார்த்தோம். பாதி பட்டுப்போன கிழட்டு மருதத்தில்தான் அதன் புழு இருந்தது, அதுவும் வருஷக்கணக்காக. இளமரத்தில் ஒன்றுகூட இல்லை. காடு முழுக்க அலைந்தும் தேறியது ஆறு மரம்.

அந்தப் பக்கம் கூப்பு விட்டபோது நீங்கள் வயிற்று நோவோடு படுத்துவிட்டீர்கள். எனக்கும் காய்ச்சல். ஆறு மரத்திலும் சுண்ணாம்பு வைத்து, இவற்றை விட்டுவிடுங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். அந்த மேஸ்திரி மாறி, வேறு ஆட்கள் வந்தார்கள். எங்கள் கூப்பில் அடையாளம் வைத்த மரம் என்றால் வெட்ட வேண்டிய மரம். எத்தனை வருஷ உத்தியோகம், இது எனக்குத் தெரியாதா? திரும்பி வந்தபோது மற்ற கிழட்டு மரங்கள் நின்றன. அந்த ஆறும் அடிக்கட்டையாக இருந்தன. நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

உங்களைப் பார்க்க வந்தேன். ஜெபமாலையைப் பிடித்த கையாலேயே என் கையைப் பிடித்தீர்கள்.

“ஆறும் நிக்குதுங்களா, கார்டு?”

“நிக்குதுங்க.”

நாலாம் நாள் கண்ணை மூடிவிட்டீர்கள். இதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்ல முடியாமல் கிடக்கிறேன்.

போன வருஷம் பள்ளத்துப் பாறைக்குப் பின்னால் ஒரு கிழட்டு மருதத்தைக் கண்டேன். அடியில் புழு அரித்துத் தள்ளிய புதுத்தூள். மழை விட்ட ஒரு மாலையில் வண்டும் வெளியே வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது எனக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. வரப்போகும் கார்டிடம் அந்த மரத்தைக் காட்டலாமா? காட்டினால் அவரும் ஒரு அடையாளம் வைப்பாரோ? காட்டாவிட்டால் தெரியாமலே வெட்ட விட்டுவிடுவாரோ? தினமும் போய் நின்றுவிட்டு வருகிறேன். அதுவும் விழுந்தால், நிக்குதுங்க என்று உங்களிடம் சொன்னதில் ஒரு மரம்கூட மிஞ்சாது.