ரெண்டு தரம் வரைக்கும்

மார்ச் 3, செவ்வாய்

பல் போய் ஒரு வாரம். மேல் வரிசையில் முன்பல் இரண்டு. லாரியிலிருந்து பீரோ இறக்கும்போது அதன் கதவு திறந்துகொண்டு என் வாயில் அடித்தது. இன்று அதே பீரோவை நானே ஏலம் விட்டேன். நல்ல விலைக்குப் போனது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

வலி போய்விட்டது. 'த' தான் வரவில்லை. நாக்கு போய் முட்டுவதற்கு அங்கே சுவர் இல்லை. பழைய சாமான் ஏலக்கூடத்தில் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று கூவுகிறவளுக்கு 'த' போனால் மிச்சம் என்ன?

'ஒரு ஹரம்' என்றுதான் வந்தது. முன் வரிசைக் கட்டில் வியாபாரி விடவில்லை. "ஏம்மா, ஒரு மரம், ரெண்டு மரம்ங்கிறியே... நீ கட்டில் விக்கிறியா, தோப்பு விக்கிறியா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வாயை மூடிக்கொண்டு.

மார்ச் 5, வியாழன்

முதலாளி கூப்பிட்டார். எங்கள் பெரிய ஏலக்காரர் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறார். நான் இதுவரை அவர் டீ குடிக்கப் போகும்போது ஏறுகிற மாற்று ஆள்.

"இருபத்தெட்டாம் தேதி பெரிய ஏலம். முழுசா நீயே நடத்து. நல்லா வந்தா மேடை உனக்கு. ஆனா ராக்கெட், பல்லக் கட்டிக்கிட்டு வா. தோப்பு விக்கிற ஆளு எனக்கு வேணாம்."

ராக்கெட் என்பது கூடத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயர், எதிலும் யோசிக்காமல் பாய்வதால். மேடை எனக்குத்தான். இதில் என்ன சந்தேகம்? பல் ஒன்றுதான் பாக்கி.

மார்ச் 6, வெள்ளி

இம்பிளான்ட் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். எலும்பில் ஒரு திருகு, அதன்மேல் ஒரு பல். கதவுக்குக் கீல் வைக்கிற வேலை மாதிரி, சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எலும்பு முன்பக்கம் மெலிசா இருக்கு. முதல்ல புண்ணு ஆறட்டும். அடுத்த மாசக் கடைசியில எலும்புத் தூள் வெச்சு, திருகு போடலாம். அது எலும்போட ஒட்ட ஆறு மாசம்."

"ஆறு மாசமா! அதுக்குள்ள நான் மூணு வேலை மாத்திருவேன் டாக்டர்."

"தாராளமா மாத்துங்க. தாடைய மட்டும் மாத்தாதீங்க."

வேறு வழி? பிரிட்ஜ் என்றார். இரண்டு பக்கத்துப் பல்லையும் சீவி உறை மாட்டி, நடுவில் இரண்டு பல்லைத் தாங்க வைப்பது. பத்தே நாள். ஈறு இறங்கினால் பின்னால் இடைவெளி தெரியலாம். இல்லையென்றால் கழற்றி மாட்டுகிற செட்.

செட் என்றதும் கூட வந்திருந்த அம்மா தன்னுடையதைக் கழற்றியே காட்டிவிட்டாள். "பதினோரு வருஷமா கூடவே இருக்கு டாக்டர். இவங்கப்பாகூட இத்தனை நாள் இருந்ததில்ல."

டாக்டர் மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தார். "அம்மாவுக்கு அது பொருத்தம். உங்களுக்கு எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

வேலை நேரத்தில் போன பல் என்பதால் எதைப் போட்டாலும் கூடத்தின் காப்பீடு கொடுத்துவிடும். அந்தச் சாக்கும் போச்சு.

மார்ச் 7, சனி

பிரிட்ஜ். பத்து நாள். முடிஞ்சுது. டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இதுக்கெல்லாம் ராத்திரி பகலா யோசிப்பாங்களா?

"பாலிடெக்னிக்க விட்டப்பவும் இப்படித்தான் ஒரே நிமிஷத்துல முடிவெடுத்த" என்றாள் அம்மா. அந்த முடிவு சரியானதுதானே? அதில் எனக்கு இன்றுவரை வருத்தமே இல்லை.

மார்ச் 11, புதன்

நாற்காலியில் சாய்த்து ஊசி போட்டார்கள். வாயெல்லாம் பஞ்சு. சீவுவதற்கு முன்னால் டாக்டர் என் கையில் கண்ணாடி கொடுத்தார்.

"இந்த ரெண்டு பல்லும்தான். ஒரு சொத்தைகூட இல்ல. சீவிட்டா திரும்ப வளராது. சரியா?"

தலையாட்டினேன். மெஷின் கிர்ரென்று சுற்றத் தொடங்கியது.

அந்த நொடி எனக்கு நன்றாகத் தெரிந்த நொடி. ரெண்டு தரம் சொல்லிவிட்டு நான் சுத்தியலைத் தூக்கிப் பிடிக்கிற நொடி. அதுவரைக்கும் யாரும் கை தூக்கலாம். மூணாவது விழுந்த பிறகு அழுதாலும் பொருள் திரும்பாது. எத்தனை பேர் ஓடிவந்து கெஞ்சியிருக்கிறார்கள்! 'முன்னாடியே கை தூக்கியிருக்கணும்ணே' என்று எவ்வளவு திமிராகச் சொல்லியிருக்கிறேன்!

கையைத் தூக்கினேன்.

"வலிக்குதா?" இல்லை என்று தலையாட்டினேன். "தண்ணி வேணுமா?" அதுவும் இல்லை. பஞ்சை எடுத்தார்.

"ஹிருகு."

"என்னது?"

"ஹிருகுங்க! ஹிருகே போடுங்க!"

டாக்டர் மெஷினைக் கீழே வைத்தார். "ஆறு மாசம்" என்றார். சரி என்றேன். சரின்னு சொல்லிட்டேனே! இருபத்தெட்டாம் தேதிக்கு என்ன பண்ணுவே லூசு?

மார்ச் 19, வியாழன்

அதுவரைக்கும் தற்காலிகமாக ஒரு செட். அம்மா கட்சியில் சேர்ந்துவிட்டேன். அவள்தான் பயிற்சி: கண்ணாடி முன்னால் நின்று செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். 'த' வருகிறது. கத்தினால் மட்டும் ஆடுகிறது.

நான் கத்தாமல் எப்படி ஏலம் விடுவது?

மார்ச் 28, சனி

நூற்றுப் பதினெட்டுப் பொருள். பதினேழாவது சாப்பாட்டு மேசை. "மூணு தரம்!" என்று உச்சியில் கத்தினேன். செட் கழன்று பறந்து அந்த மேசை மேலேயே விழுந்தது.

கட்டில் வியாபாரி எழுந்தே நின்றுவிட்டார். "அதுவும் மேசையோட சேர்த்தியா?"

கூடம் அதிர்ந்தது. முதலாளி நெற்றியில் கை வைத்தார். எனக்குக் காது சுட்டது. இறங்கிப் போயிடலாமா? வாசல் பத்தடிதான்.

போகவில்லை. செட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். "இல்லண்ணே, இது விக்கிறதுக்கு இல்ல" என்றேன், ஓட்டை வாயை முழுசாகக் காட்டி.

அப்புறம் 'தரத்தை'யே தூக்கிவிட்டேன். ஒண்ணு, சுத்தியலால் ஒரு தட்டு. ரெண்டு, ஒரு தட்டு. மூணு, ஓங்கி ஒரு தட்டு. மூன்றிலும் 'த' கிடையாது! இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை. விலையில் பத்து, இருபது என்று 'த' வரும்; அதை மட்டும் ஏலம் கேட்கிறவர்களையே எழுந்து உரக்கச் சொல்லச் சொன்னேன். எதிராளி குரல் காதில் விழுந்ததும் ரோஷம் வந்து ஏற்றிக்கொண்டே போனார்கள். கட்டில் வியாபாரி தனக்குத் தேவையே இல்லாத ஒரு அலமாரியை எடுத்துக்கொண்டு போனார்.

முடிந்ததும் முதலாளி கேட்டார். "நிஜப் பல்லு எப்ப?"

"அக்டோபர்."

"அப்ப அதுவரைக்கும் பல்லும் டெம்பரரி, நீயும் டெம்பரரி. திங்கக்கிழமை சீக்கிரம் வா."

ஏப்ரல் 22, புதன்

திருகு போட்டாயிற்று, இரண்டு. கன்னம் பூரி மாதிரி உப்பியிருக்கிறது, ஐஸ் வைத்திருக்கிறேன். வருத்தமில்லை.

ஜூலை 9, வியாழன்

போர் அடிக்குது. எலும்பு வளர்றதுக்கு நான் செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்ல. அதுதான் கஷ்டமே.

அக்டோபர் 22, வியாழன்

மேடையை மதியத்துக்கு மேல் மாற்று ஆளிடம் விட்டுவிட்டுப் போனேன். அம்மாவும் வந்தாள், வேண்டாம் என்றாலும்.

டாக்டர் ஈறைத் திறந்து, சின்னக் கம்பியின் பின்பக்கத்தால் ஒரு திருகைத் தட்டினார். மண்டைக்குள் டொக் என்று கேட்டது. இன்னொன்று. அதுவும் டொக். புதுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிடிச்சிருக்கு" என்றார்.

அம்மா மூலையிலிருந்து, "இவளுக்கு எதுதான் பிடிக்காது? முதல் மாசம் எல்லாமே பிடிக்கும்" என்றாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே திரும்பினார்.

"இது ஆறாவது மாசம்மா."