பந்தல் வேண்டா என்று மூன்றாம் முறை விடுத்த ஓலை

நலம் பொலிக. மலையரண் ஐந்தும் காத்து, ஏழாற்று வளநாடு ஆளும் மன்னர்பெருமான் வேங்கையதியரையரின் திருவாணையால், தலைமை அமைச்சன் தேவன் கூத்தன், தென்கடற்கரையில் ஆயிரம் ஆண்டு அலை கண்ட பழம்பதியாம் உவரிமங்கலத்தின் காவலர் கலத்தரையர் சேந்தனாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் மீன் பெருகுக. உம் கலங்கள் பழுதின்றிக் கரை திரும்புக. உம் மக்கள் குறைவற வாழ்க.

வாழ்த்து முடிந்தது, இனி வயிற்றெரிச்சல்.

உம்மூரில் கலம் ஓட்டிய மீகாமர் ஆழியான் நக்கர் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறார் என்றும், பார்வை போய்விட்டதால் வாசலில் காலடி கேட்கும்போதெல்லாம் மகளோ என்று கேட்கிறார் என்றும் பங்குனியில் செய்தி வந்தது. அம்மகள் எம் அரசியார் பவளமாதேவியார். மணமாகி மலையேறிப் பதினோராண்டாயிற்று. ஒருமுறையேனும் பிறந்த ஊரை மிதிக்கவில்லை. ஏன் என்பதை நீர் அறிவீர். அரச குடை உம் எல்லையில் தெரிந்தால் காதத்துக்கொரு பந்தல், பந்தலுக்கொரு விருந்து, கோட்டைவாயில் முதல் கோயில்வாயில் வரை நடந்துவரப் பட்டு விரிப்பு என்பது உம்மூர் முறை. முன்னை மன்னர் கடலாட வந்துபோன ஆண்டில், பந்தற்காலுக்குப் பாய்மரங்களைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, மீனவர் ஒரு பருவம் முழுவதும் கரையில் குந்தியிருந்தனர். அப்போது அரசியார் உம்மூர்ச் சிறுமி. அந்தப் பசியை அவர் இன்றும் மறக்கவில்லை.

ஆகவே சிக்கனமாய் வந்துபோவதென்று முடிவாயிற்று. எழுவர் மட்டும்; மாட்டுவண்டி இரண்டு; வழிக்குக் கட்டுச்சோறு; தங்குவதற்கு வழிப்போக்கர் சத்திரம். பந்தல் வேண்டா என்று முதல் ஓலை விடுத்தோம். அரசியாரின் பணிவைப் பாரீர் என்று மெய்சிலிர்த்து, நீர் பந்தலை இரட்டித்தீராம். பந்தல் இட்டால் சினம் கொள்வோம் என்று இரண்டாம் ஓலை விடுத்தோம். சினமா, அப்படியானால் நாம் இட்டது போதவில்லை என்று அவை கூட்டிப் பேசி, யானைக்குக் கூடம் எழுப்பினீராம். ஐயா, யானையே வரவில்லையே!

அரசியாரோ ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. மூட்டையைக் கட்டுகிறார், அவிழ்க்கிறார், மறுபடியும் கட்டுகிறார். வண்டியைப் பூட்டச் சொல்கிறார். பூட்டியதும் வேண்டா என்கிறார். பொறுத்திருக்கச் சொன்ன தோழியரிடம், தந்தையார் போனபின் போய் யாரைப் பார்ப்பது என்று எரிந்து விழுந்தார். உம்மூரில் பாய்மரங்களை மீண்டும் பிடுங்குகிறார்கள் என்று ஒற்றன் வந்து சொன்னபோதோ, பெற்றவரைப் பார்க்க ஊரார் சோற்றில் மண் அள்ளிப் போடவா என்று வாய்விட்டு அழுதார். மன்னர் தேற்றியும் தேறவில்லை.

மறுநாட்காலை இவ்வமைச்சனை அழைத்து, ஓலை கொண்டுவருபவருக்கு உவரிமங்கலத்தில் என்ன வரவேற்பு என்று வினவினார். ஒரு செம்பு தண்ணீர், ஒரு பாய், அன்றைக்கு அடுப்பில் உள்ளது எதுவோ அது; பேரும் ஊரும் கேட்பதில்லை; அதுவே பழைய முறை என்று இவன் விடையிறுத்தான். பங்குனிக்குப் பிறகு அன்றுதான் அரசியார் சிரித்தார். மன்னர் முதலில் முகம் சுளித்தார். பிறகு தாமே இலச்சினையை எடுத்து நீட்டினார்.

ஆதலின் கலத்தரையரே, ஆணை இது. பாய்மரங்களை இன்றே கலங்களில் நடுக. யானைக்கூடத்தில் வலை உலர்த்துக. இவ்வோலையை எவர் காதிலும் விழும்படி படியாதீர். படித்து முடித்ததும் பதறி எழாதீர், கைகூப்பாதீர். காவலுக்கு வந்தவர்கள் ஊரெல்லையிலேயே நின்றுவிட்டனர். இதை உம் கையில் தந்துவிட்டுப் புழுதிக் காலோடு வாசலில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடும். மீகாமர் வீட்டுக்கு வழி சொல்ல வேண்டா.

மன்னர் கைப்பட வேங்கைப்பூ இலச்சினை இட்டது. ஆணை தவறாதீர்.

தண்ணீரை விரைந்து கொடும், அவர் நிற்கமாட்டார்.