ஆறாவது ரீல்

1944, ஜூலை 8, சனி

காலையிலிருந்து தூறல். படம் ஓட்டும் கேபின் கூரை மறுபடி ஒழுகுகிறது. இரண்டாவது மெஷின் மேல் தார்ப்பாய். மெஷின் விளக்குக்குக் கார்பன் குச்சி இரண்டே கட்டு பாக்கி. யுத்தம் முடிகிறவரை இதை வைத்துத்தான் ஓட்டவேண்டும் என்கிறார் மேனேஜர் நாயுடு.

புதுப்படம் இன்று முதல். 'வாடகை வீட்டு மாப்பிள்ளை'. பதினொரு ரீல். டைரக்டர் திருவேங்கடம். ஊமைப்பட நாளிலிருந்து சாமி படமாக எடுத்தவர். இப்போது அறுபத்தாறு வயதில் காதல், தமாஷ். டிக்கெட் வரிசையில் ஒருவன்: "இத்தினி நாள் சாமி பூதம்னு இருந்துட்டு, கெழவனுக்கு இப்போ இன்னா வந்துச்சி?" வரிசை முழுக்கச் சிரிப்பு.

டைரக்டர் பெரியவரே வந்திருந்தார். மெட்ராஸில் குண்டு பயம் வந்தபோது இங்கே அடுகோடியில் மகள் வீட்டுக்கு வந்தவர், படம் எடுக்க மட்டும் அங்கே போய் வருகிறார். காது ரொம்ப மந்தம். ஓரத்தில் நாற்காலி போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முடிந்ததும் கேபினுக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. "சிரிப்பு எனக்குக் கேக்காது தம்பி. ஜனங்க தோளப் பாத்துக்குவேன். இன்னிக்கி நல்லா குலுங்குச்சு." உனக்குப் படம் எப்படி என்றார். ரொம்ப நல்லா இருக்குங்கய்யா என்றேன்.

பொய். பதினாறு வருஷ ஆபரேட்டர் வேலையில் ஒரு படம்கூட நான் பார்த்தது கிடையாது. வெளிச்சம் ஒழுங்கா, திரை மூலையில் ரீல் முடிகிற புள்ளி வந்ததா, அவ்வளவுதான் கண். மெஷின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது.

ஜூலை 9, ஞாயிறு

காலையில் மாதா கோயிலில் முதல் பூசை. மூன்று மணி ஆட்டம். கரண்ட் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டு. ஆறு மணிக்கு சோல்ஜர்களுக்கு இங்கிலீஷ் படம், ஹால் முழுக்க அவர்களுக்கு. மேனேஜர் ஓடி வந்தார். "சூசை, ஒரு ரீல எடுத்துடு. பேக, பேக, சீக்கிரம்! ஆறு மணிக்கி கேப்டன் வாசல்ல நிப்பான்."

எந்த ரீல் சார் என்றேன்.

"ஏதோ ஒண்ணு. பாட்டுல மட்டும் கை வெக்காதே, சீட்டக் கிழிச்சுடுவானுங்க."

அரை நிமிஷ யோசனை. ஐந்து, ஏழு, ஒன்பதில் பாட்டு. எட்டில் குஸ்தி. ஆறில் ஒன்றுமில்லை. சாத்திய கதவு, அதற்கு முன்னால் நின்று ஒருவன் பேசுகிறான், பத்து நிமிஷம். ஐந்துக்குப் பிறகு ஏழை மாட்டினேன். யாரும் கத்தவில்லை. எல்லா ஊரிலும் நடப்பதுதான்; அவசரம் என்றால் பேச்சு ரீல்தான் முதலில் போகும்.

வீட்டுக்காரி லூர்துக்கு இருமல். கஷாயம். குடையைத் தியேட்டரிலேயே விட்டுவிட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

நாலு நாள் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. இன்று இருக்கிறது.

டீக்கடையில் வாரப் பத்திரிகை. சினிமா பக்கம் எழுதுவது 'கண்ணாடி'. கன்டோன்மென்ட் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ஜெயசீலன்தான் அது என்று எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டம் பார்த்ததாக முதல் வரியிலேயே இருக்கிறது. பிறகு, அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

"இனி உம் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று கதவைச் சாத்தியவள், அடுத்த காட்சியில் அவனுக்காகப் பூத் தொடுத்துக்கொண்டே பாடுகிறாள். நடுவில் என்ன நடந்தது? நமக்குத் தெரியவில்லை. டைரக்டருக்கும் தெரிந்திருக்காது. ஒரு பெண்ணின் மனம் மாறுவதைக் காட்டத் தெரியாதவர் காதல் கதையைத் தொடக்கூடாது. திருவேங்கடத்தின் கை தளர்ந்துவிட்டது. இருக்கிற மரியாதையோடு ஓய்வு பெறுவதே அழகு."

இரண்டு தரம் படித்தேன். நடுவில் ஆறாவது ரீல் நடந்தது. அதை எடுத்தது நான்.

மேனேஜரிடம் சொன்னேன். "வாயத் தொறந்தே, பட கம்பெனிக்காரன் நம்ம மேல கேஸ் போடுவான். மொதல்ல உன் சீட்டு கிழியும். பொத்திக்கினு போ." ரீலைப் பொறுக்கியது நீதானே என்றும் சொன்னார். அது உண்மை.

ஜூலை 15, சனி

மழை. மூன்று மணி ஆட்டத்துக்குப் பெரியவர் வந்தார், கையில் அந்தப் பத்திரிகை. இந்தத் தடவை திரையைப் பார்த்து உட்கார்ந்தார். பென்சிலும் காகிதமும் வைத்திருந்தார்.

ஆறாவது ரீல் ஓடும்போது ஹாலைப் பார்க்கும் துவாரத்தில் காதை வைத்துக் கேட்டேன். முதல் தரமாக. அவளுக்குக் காய்ச்சல். அப்பா ஊரில் இல்லை. மாடியில் குடியிருக்கும் அவன் கஞ்சி வைத்து எடுத்து வந்து, சாத்திய கதவுக்கு முன்னால் நிற்கிறான். வேண்டாம் என்று உள்ளேயிருந்து குரல் மட்டும். போய் மறுபடி வைக்கிறான். அடி பிடிக்கிறது. மறுபடி வைக்கிறான். பொங்கி அடுப்பு அணைகிறது. உப்பு எவ்வளவு என்று கதவைக் கேட்கிறான். திட்டிக்கொண்டே சொல்கிறது குரல். திட்டு மெல்ல மெல்ல வேறாகிறது. கடைசியில் கதவு ஒரு விரற்கடை திறந்து, கை வந்து டம்ளரை வாங்கிக்கொண்டு போகிறது. முகமே காட்டவில்லை. ரீல் மாற்றும் புள்ளியைத் தவறவிடப் பார்த்தேன்.

பெரியவர் மேலே வந்தார். "எங்க தப்பு பண்ணேன்னு பாக்க வந்தேன் தம்பி. மொத்தப் படத்தையும் அந்தக் கதவுக்காகத்தான் எடுத்தேன். அதப் பாத்த மனுஷனே, நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேக்குறாரு. அப்ப என் கை போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?" பட முதலாளிக்கு எழுதப்போகிறாராம், அடுத்த படம் வேண்டாம் என்று.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். படியில் கை பிடித்து இறக்கிவிட்டேன். என்ன மனுஷன் நான்.

ஜூலை 16, ஞாயிறு

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம். எல்லாம் சொன்னேன். சாமியார் கேட்டது ஒன்றுதான்: "எங்கிட்ட சொல்லிட்டே. அவர்கிட்ட சொன்னியா?"

வீட்டில் லூர்திடமும் சொன்னேன். அவள், "வேல போச்சின்னா கஷ்டந்தான். ஆனா அந்தப் பெரியவரு இன்னும் எத்தினி படம் எடுக்கப் போறாரு? போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்." மகள் ஸ்டெல்லாவுக்குப் பல் ஆடுகிறது. பறிக்க விடமாட்டேன் என்கிறாள்.

ஜூலை 17, திங்கள்

அடுகோடி. காலையில் நடந்தே போனேன்.

மெதுவாகச் சொன்னேன்; கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக. கையைக் காதில் வைத்துக்கொண்டு, "என்னது?" கடைசியில் கத்தினேன், "ஞாயித்துக்கெழம ஆட்டத்துல ஆறாவது ரீல நான் போடலீங்கய்யா!" அவர் மகள் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவுக்கே தெரிந்துவிட்டது.

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவரோ தகரப்பெட்டியைத் திறந்து மெட்ராஸ் பத்திரிகைத் துண்டுகளை எடுத்துப் போட்டார். ஆறு விமர்சனம். முதிர்ந்த கைவண்ணம், மூத்த கலைஞரின் இளமை, குடும்பத்தோடு காணலாம். முழுப் படம் பார்த்தவர்கள். கதவைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை.

"இவங்க யாரும் பாக்கல தம்பி. உங்க ஊரு வாத்தியார் ஒருத்தர்தான் பாத்திருக்காரு. எது இல்லியோ அத சரியா அந்த எடத்துல கேட்டிருக்காரு." துண்டுகளைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினார். "அவருக்கு அந்த ஒரு ரீல மட்டும் காட்ட முடியுமா?"

மேனேஜர் கண்ணில் பட்டால் என் வேலை அன்றோடு சரி. முடியும் என்றேன். அங்கிருந்து நேராக வாத்தியார் வீடு. ஒரு ரீல் பார்க்க வரவேண்டும், மற்றதை அங்கே சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 18, செவ்வாய்

மழை இல்லை. எட்டு மணிக்கு வாத்தியார் வந்தார், பள்ளிக்கூடம் போகிற உடுப்பில். வாசலிலேயே வைத்து நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. முகம் மட்டும் சிறுத்துப்போனது. காலி ஹாலில் நடு வரிசையில் தனியாகப் போய் உட்கார்ந்தார்.

பெரியவர் ஹாலுக்குள் வரமாட்டேன் என்றுவிட்டார். கேபினில் என் பக்கத்தில், சுவரைப் பார்த்து நின்றார். "தோளப் பாரு தம்பி. சிரிக்கிறாரா?"

கஞ்சி அடி பிடித்தது. பார்த்தேன். அசைவில்லை. இல்லீங்கய்யா என்று கையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டியிருக்கலாம், அவருக்கு எப்படித் தெரியும்? இனி அவரிடம் பொய் சொல்வதாக இல்லை.

கஞ்சி பொங்கியது. "இப்ப?"

இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ரீல் முடிந்தது. விளக்கைப் போட்டேன். வாத்தியார் எழுந்திருக்கவில்லை. அதற்குள் ஹால் கதவில் மேனேஜர் நாயுடு, காலையில் ஒருநாளும் வராதவர், கேபின் துவாரத்தையே பார்த்துக்கொண்டு.

வாத்தியார் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "இத இன்னொரு தரம் போடுவீங்களா?"

பெரியவர் காதருகே குனிந்து கத்தினேன், "இன்னொரு தரம் போடச் சொல்றாருங்கய்யா!" ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். நாயுடுவுக்கும். இரும்புப் படியில் அவர் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கேபின் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டேன். ரீலைத் திருப்பிச் சுற்றினேன். புதுக் கார்பன் மாட்டினேன்.