வீடு வந்ததற்கு ஒரு 'ஐ'

அச்சகத்திலிருந்து வந்த தாள் மேசையில் கிடக்கிறது. வீடு முழுக்க மை மணம். உங்களுடைய முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கொடுக்கும் நினைவு மலர். தமிழ்ப் பக்கங்களை உங்கள் தம்பி எழுதிவிட்டார். கனடாவில் இருக்கும் பேரனுக்குத் தமிழ் வாசிக்க வராது. "அம்மா, இங்கிலிஷ் பக்கத்தை நீங்களே எழுதுங்கோ. அவன் அப்பப்பாவை அதிலைதான் அறியப்போறான்" என்று மகன் சொன்னான்.

எழுதினேன். இத்தனை வருடம் இங்கிலிஷ் படிப்பித்த கை சும்மா இருக்குமா? ஒரே வசனத்தில் திரும்பத் திரும்ப வந்த 'ஹீ'க்களில் முதலாவதை விட்டு மற்றதையெல்லாம் வெட்டிக் கொடுத்தேன். "ஹீ வென்ட் டு சீ எவ்ரி மோர்னிங் அண்ட் கேம் ஹோம்." தினமும் காலையில் கடலுக்குப் போனார், வீடு வந்தார். திருத்தமான வசனம். வாசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. செத்தவீட்டிலும் எனக்கு அழுகை வரவில்லை. கட்டினவளே அழவில்லை என்று சனம் என்ன நினைத்ததோ தெரியாது.

பேரனோடு கதைக்கத்தான் அந்த வயதில் என்னிடம் இங்கிலிஷ் படிக்க வந்தீர்கள். மீன்பிடித்துவிட்டுக் குருநகர்க் கரையிலிருந்து வந்து, உடுத்திருந்த சாரத்தில் ஈரம் காயமுதல், நான் சமைக்கும் குசினி வாசலில் நின்று ஒப்புவிப்பீர்கள்: "ஐ வென்ட் டு சீ அண்ட் ஐ கேம் ஹோம்."

"ரெண்டாவது 'ஐ' தேவையில்லையப்பா. ஒரே ஆள்தானே?"

"உமக்கென்ன, கரையிலை இருந்து சொல்லுவீர். போனவன் வருவான் எண்டு கடலிலை ஆர் எழுதித் தந்தது? வீட்டை வந்ததுக்கு ஒரு 'ஐ' வைக்கத்தான் வேணும்."

அடுத்த நாளும் அதே பிழை, அதே சிரிப்பு.

கடைசியில் கடல் உங்களை ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்கு உங்கள் காலால் நடந்து போனீர்கள். வீட்டுக்கு நீங்கள் வரவில்லை, கொண்டுவந்தார்கள்.

சற்று முன் அச்சகத்துக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, 'கேம் ஹோம்' எண்டதுக்கு முன்னாலை ஒரு 'ஹீ' போடுங்கோ."

"ரீச்சர், நீங்கள்தானே அதை வெட்டினனீங்கள்?"

"ஓம், நான்தான். திருப்பிப் போடுங்கோ."

பேரனுடைய பள்ளிக்கூடத்தில் அதைப் பிழை என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அழுகை இன்னும் வரவில்லை. மரத்துப்போய்த்தான் இருக்கிறேன். ஆனால் சந்தைக்குப் போய்த் திரும்பினால், செருப்பைக் கழற்றமுதல் கதவடியில் நின்று சத்தமாகச் சொல்கிறேன்: "ஐ வென்ட் டு மார்க்கெட் அண்ட் ஐ கேம் ஹோம்." உள்ளே கேட்க ஆளில்லை. ஆனாலும் வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.