எட்டாம் சுரத்தின் வரலாறு

கட்கி, புனே

அன்பு மகள் கீர்த்திக்கு, அப்பா மாடசாமி எழுதுவது. மழைச்சளியைத் தவிர இங்கே நாங்கள் இருவரும் சுகம், குளிரைத் தவிர அங்கே நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். எழுதப் படிக்கச் சொல்லித்தரும் ஜெபமணி டீச்சரின் ஞாயிறு வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு யார் துணையும் இல்லாமல் நானே எழுதும் முதல் பெரிய கடிதம் இது, அதனால் எழுத்து கோணலாக இருந்தாலும் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது.

பாலசுப்ரமணியன் சார் தன்னுடைய எட்டாம் சுரம் பத்திரிகைக்கு உன்னை ஆசிரியராக அழைக்கிறார், வேலையை விட்டுப் புனேவுக்கே வந்துவிடவா என்று கேட்டிருந்தாய். பதில் சொல்வதற்காக அவர்களுடைய வெள்ளிவிழா மலரில் உள்ள வரலாற்றை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தேன். படிக்கத் தெரியாத காலத்தில் அந்தப் பத்திரிகை மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தது தெரியுமா, சாமி படத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தேன். இப்போது எடுத்துவிட்டேன். முதல் வரிக்கே அர்த்தம் தெரியாமல் சாருக்குப் போன் போட்டேன். அது புரிந்துகொள்வதற்கு இல்லை, உணர்வதற்கு என்றார். அப்படியானால் வெறுந்தாளாகவே கொடுத்திருக்கலாமே, மையாவது மிஞ்சியிருக்கும் என்கிறாள் உன் அம்மா.

பக்கத்துக்குப் பக்கம் நாங்கள் யாருக்கும் தலைவணங்காத சுதந்திரப் பத்திரிகை என்று போட்டிருக்கிறார்கள். இவர்களை வணங்கச் சொன்னது யார் என்று மட்டும் எங்கேயும் இல்லை. அட்டையில் வீணைப் படமா நவீன ஓவியமா என்று சண்டை போட்டுப் பிரிந்து, ஒரு வருடம் கோந்த்வாவில் ஒன்று, தளேகாவில் ஒன்று என ஒரே பெயரில் இரண்டு பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள், இரண்டிலும் மற்றது போலி என்று தலையங்கம். அதைவிடக் கூத்து, இசை விமர்சனம் எழுதும் ராகவேந்திரா ரஞ்சன்காவுக்குக் குடிபோய்க் கூட்டங்களுக்கு வராமல் இருந்திருக்கிறார். போய்ப் பார்க்க ஒருவருக்கும் ஓய்வில்லை, ஆனால் கறுப்புக் கட்டம் போட்டு அவருக்கு அஞ்சலி இதழ் கொண்டுவர ஓய்வு இருந்திருக்கிறது. அஞ்சலிக் கூட்டத்துக்கு அந்த மனிதரே வந்து நின்றாராம். கட்டுரைகளை வாசித்து முடித்துவிடுகிறோம், கொஞ்சம் உட்காருங்கள் என்றார்களாம். அவரும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, தன்னைப் பற்றிய கட்டுரைகளில் ஆழம் போதாது என்று அடுத்த இதழில் விமர்சனம் எழுதியிருக்கிறார். இதையும் சாதனை என்றுதான் வரலாற்றில் சேர்த்திருக்கிறார்கள்.

எழுதினவர், பிரிந்தவர், சேர்ந்தவர், சாகாமல் செத்தவர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அந்தப் பத்திரிகையைப் படித்தவர் என்று ஒருவர்கூட இல்லை அம்மா. நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, நீ வரக்கூடும் என்று கேட்டதும் உன் அம்மா உன் அறையைக் கழுவிவிட்டாள். ஆனாலும் சொல்கிறேன், இவர்களை நம்பி வேலையை விடாதே. எங்களைப் பார்க்க வருவதானால் நாளைக்கே வா. பத்திரிகை மேல்தான் ஆசை என்றால் அங்கே இருந்துகொண்டே நடத்து, முதல் இதழை எனக்கு அனுப்பு. புரியாத வரியெல்லாம் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவேன், இதற்கென்றே ஒரு பேனா வாங்கி வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ நீண்ட ஆயுளோடு நிறைவாய் இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு
உன் அப்பா
மாடசாமி
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)